அம்மாவுக்கு இடது பக்கத்து வாஷ்பேசின்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும். ‘நன்றாக’ என்று போடலாமா என்று பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன், போடலாம் என்றுதான் பட்டது, அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாமே என்று கேட்பாய். போனில் நீ கேள்வி கேட்டால், நீ எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாயோ அதுவே என் வாயில் வந்துவிடுகிறது. போன மாதம் முழுவதும் அப்படித்தான் ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்குச் சரி என்றேன் என்பது எனக்கே தெரியாது. எழுதினால் எதிரில் யாரும் இல்லை, நிதானமாக வரிசைப்படி சொல்லலாம்.

நீ கேட்டது இரண்டு விஷயம். உன் வீட்டுக்குப் பக்கத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் எங்களுக்காக ஓர் அறையைப் பேசி வைத்திருக்கிறாய், மாதக் கடைசிக்குள் உறுதி சொல்ல வேண்டும் என்றாய். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலரை மாதம் ஆகிறது, வலது கை எழவில்லை, வலது கால் பாதிதான் சொன்னபடி கேட்கிறது, அப்பாவுக்கும் எழுபத்தாறு ஆகிவிட்டது, ‘காலைல எழுந்து தன் முகத்தத் தானே கழுவிக்க முடியலன்னா நீங்க ஒருத்தரே எப்படிப்பா சமாளிப்பீங்க’ என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. நான் அதில் ஒரு குறையும் காணவில்லை. இரண்டாவது கேள்வி, காலி செய்யப்போகிற வீட்டில் குளியலறையை உடைத்து, இரண்டே பேருக்கு இரண்டு வாஷ்பேசின் எதற்கு என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதற்குள்ளேயே மற்றதும் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு மாதம் வரை பழைய பேசினுக்கு அவளை நான்தான் நடத்திக் கூட்டிப் போவேன். பின்னால் நின்று, ஒரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீர் அள்ளி முகத்தில் விடுவேன். நான் எதையும் ஒழுங்காகத்தான் செய்வேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அடுத்தவர் மூக்கு எங்கே இருக்கிறது என்று பின்னால் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் மூக்கில் தண்ணீர் ஏறி இருமி இருமி, மூச்சு வந்ததும் ‘நான் என்ன காரா, பின்னாடி நின்னு கழுவறதுக்கு?’ என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் எழுந்து வரவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலுக்கே கொண்டுவரச் சொன்னாள். அதற்கடுத்த நாளும் அதேதான். அப்படியே மூன்று வாரம். வாரத்தில் மூன்று நாள் வந்து பயிற்சி கொடுக்கிற பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, ‘அம்மா தினமும் எழுந்து பேசின் முன்னாடி நிக்கணும் சார், படுத்தே பழகிட்டா அப்புறம் எழுப்பறது ரொம்பக் கஷ்டம்’ என்றாள். அதை எப்படி உன் அம்மாவிடம் சொல்வது என்று நான் கதவோரம் நின்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது, உள்ளேயிருந்து அவளே குரல் கொடுத்தாள். அவளுக்குக் காது இன்னும் கூர்மை. ‘நிக்கறேன்னு சொல்லும்மா அந்தப் பொண்ணுகிட்ட’ என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், குழப்பத்தில் என்னையும் ‘அம்மா’வாக்கிவிட்டாள், அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் உன் அம்மா சொன்னாள்: ‘நீங்க பின்னாடி நிக்காதீங்க. பக்கத்துல நில்லுங்க. நீங்க உங்க மூஞ்சியக் கழுவுங்க, நான் என் மூஞ்சியக் கழுவறேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பாத்தா எனக்குக் கூச்சம் இருக்காது.’ இதுதான் இரண்டு வாஷ்பேசினின் கதை. ஆடம்பரம் இல்லை.

அந்தச் சுவரில் இருந்த துணி அலமாரியை எடுத்துவிட்டால் ஆறடி மூன்று அங்குலம் கிடைக்கும் என்று அளந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்துநாலு வருஷம் வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்த கை, சும்மா இருக்குமா? மூன்று கடை ஏறி இறங்கி, பதினான்கு வகை பேசின்களை எழுதி எடுத்துக்கொண்டு வந்து அட்டவணை போட்டேன். நீளம், அகலம், ஆழம், கறை பிடிக்குமா, ஓரத்தில் அழுக்குத் தங்குமா, தண்ணீர் தெறிக்குமா, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். அட்டையில் உண்மை அளவுக்கு வெட்டி சாப்பாட்டு மேசைமேல் பரப்பி, இரண்டு பேசினுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நூல் பிடித்துப் பார்த்தேன். உன் அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துவிட்டு, ‘பரீட்சைல யார் பர்ஸ்ட்?’ என்று கேட்டாள். முட்டை வடிவத்தில், ஓரம் உயர்ந்து, வலது பக்கம் திருகும் குழாயோடு வருகிற ஒன்று எழுபத்தொன்று வாங்கியிருந்தது. அதில் ஒரு ஜோடியை எடுத்து வைக்கச் சொல்லிக் கடையில் சொல்லியும் விட்டேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அந்த அட்டவணையில் எட்டுப் பத்திகள் இருந்தன, கைக்கு என்று ஒரு பத்தி இல்லை. மறந்துபோய் இல்லை. ‘வலது கை’ என்ற சொல்லை மூன்று மாதமாக இந்த வீட்டில் நான் வாயால் சொன்னதில்லை. காபி கொடுக்கும்போது மேசையைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் வைப்பேன், ஏன் சுற்றுகிறேன் என்று சொல்ல மாட்டேன். சட்டை போட்டுவிடும்போது ‘இந்தப் பக்கம் முதல்ல’ என்பேன். அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடது கைக்குக் குழாய் கேட்டால், வலது கை இனி வராது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். அதனால் இரண்டு பேசினுக்கும் வலது கைக் குழாயே எழுதினேன். நாற்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த ஒருத்திக்கு முகம் கழுவ இடம் செய்கிறவன், அவளிடம் எந்தக் கையால் கழுவுவாய் என்று கேட்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நல்லவேளை, தான் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் அவள் வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. நீலப் புடவை கட்டிவிடச் சொன்னாள், நான் மடிப்பு வைத்த அழகைப் பற்றி டாக்சிக்காரர் வரைக்கும் சொல்லிச் சிரித்தாள். கடையில் இருந்த பெண் எடுத்து வைத்த ஜோடியைக் காட்டினாள். உன் அம்மா ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, அந்தக் காய்ந்த பேசின் முன்னால் உட்கார்ந்து, வீட்டில் செய்வதைப் போலவே முகம் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை, சுற்றிலும் நாலைந்து பேர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவள் பாட்டுக்கு வெறும் காற்றை அள்ளிக் கன்னத்தில் விடுகிறாள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே பூமிக்குள் போயிருப்பேன். குழாயைத் திறக்கப் போனவள், இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது ஓரத்தை எட்டிப் பிடித்தாள், இடுப்பே திரும்பிவிட்டது. குழாயை வேறு மாதிரிப் பார்க்கலாமா என்று நான் இழுப்பதற்குள் அவள் அந்தப் பெண்ணிடம் நேராகச் சொன்னாள்: ‘ஏம்மா, எனக்கு வலது கை வேலை செய்யாது. இனிமே செய்யுமான்னும் தெரியாது. இடது கைக்காரிக்கு என்ன வெச்சிருக்கே, அதக் காட்டு.’ அந்தப் பெண் முகம் பளிச்சென்று ஆனது. ‘இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா, சார் நாலு தடவ வந்தாரு, டேப் வெச்சு எல்லாத்தையும் அளந்தாரு, இத மட்டும் சொல்லவே இல்ல’ என்றாள். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘அவர் வீட்லயே இன்னும் சொல்லல, கடைல வந்தா சொல்லிடப் போறாரு’ என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு தம்பதி கூடச் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். மூன்று மாதமாக நான் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, பாவம் மனுஷன் நடக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தேர்வு செய்ததெல்லாம் அவள்தான். உனக்கு நினைவிருக்கும், இருபத்தாறு வருஷம் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவள், ‘எங்கிட்ட மேசை உயரம் பத்திப் பேசாதீங்க’ என்று சொல்லிவிட்டு, இடது முழங்கையை மடித்து, அது எங்கே வருகிறதோ அங்கே பேசின் பதிக்கும் கல் வர வேண்டும் என்றாள். வழக்கமான உயரத்தைவிட மூன்று அங்குலம் கம்மி. மேசைமேல் கிண்ணம் கவிழாமல் உட்கார்ந்த மாதிரி இருக்கிற பேசின்கள் இப்போது நிறைய வருகின்றன, அந்தப் பெண் அதை ஆசையாகக் காட்டினாள். உன் அம்மா அதன் ஓரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘பழம் கழுவி வெக்க நல்லா இருக்கும், மூஞ்சி கழுவினா முழங்கை வழியா தண்ணி ஓடிப் புடவைக்குள்ள போகும்’ என்று நகர்ந்துவிட்டாள். ஓரம் மேலே தூக்கியிருப்பதும் வேண்டாம், கல்லுக்கு அடியில் ஒட்டுகிற வகைதான் வேண்டும், ஏனென்றால் சிந்தின தண்ணீரை ஒரே கையால் வழித்து உள்ளே தள்ளிவிடலாம். ஆழம் கம்மியாக, அகலம் அதிகமாக. தண்ணீர் போகும் துளை நடுவில் இல்லாமல் பின்பக்கம் தள்ளி இருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தால் அடியில் போகும் கழிவுக்குழாய் முட்டியில் இடிக்காது. பேசின் வெள்ளை என்றால் கல் கொஞ்சம் சாம்பல் நிறம், ஓரம் எது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழாய் இடது பக்கம், நீளமான பிடியோடு, புறங்கையால் தட்டினாலே திறக்கிற மாதிரி. என் அட்டவணையில் வெள்ளைக் கல்லுக்கு நான் ஒன்பது கொடுத்திருந்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக எந்தப் பக்கம் யாருக்கு என்று வந்தது. கதவுக்குப் பக்கம் என்பதால் வலது பேசினை அவளுக்கென்று நான் குறித்திருந்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இடது பக்கம்தான் தனக்கு என்றாள். இடது சுவரில் கம்பி வைத்தால் நல்ல கையால் பிடித்து எழலாம், வராத கை நடுவில் இருக்கிற கல்மேல் கிடக்கும் என்று கணக்காகச் சொன்னாள், பிறகு அந்தப் பெண் விலைச்சீட்டு எழுதத் திரும்பியபோது மெதுவாக, ‘அந்தக் கை உங்க பக்கம் இருக்கட்டும். சுவத்துப் பக்கம் இருந்தா அது இருக்கறதையே நான் மறந்துடுவேன்’ என்றாள். இதற்கு நான் எத்தனை பத்தி போட்டு அட்டவணை எழுதினாலும் வந்திருக்குமா, சொல்.

தச்சருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவள் பக்கம் கீழே திறந்து கிடக்கிறது, என் பக்கம் இழுப்பறை, அவளுடையது அகலம், என்னுடையது சின்னது, குழாய் ஒன்று இடமும் ஒன்று வலமும். ‘ஜோடின்னா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கணும்மா, பாக்கறவங்க என்னத்தான் கேப்பாங்க’ என்றார். ‘நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு மாதிரி ஒண்ணா இருக்கோம்? எங்கள யாராவது கேட்டாங்களா?’ என்று உன் அம்மா கேட்டதும் மனிதர் டேப்பை விரித்து அளவு எடுத்தார். வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. அந்த நாட்களில்தான் உன் சித்தி வந்து தங்கியிருந்தாள், நல்ல மனசு, ஆனால் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஐந்தாம் நாள் உன் அம்மா, ‘அழறதுக்கு ஆள் தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன், இப்போதைக்கு இடம் காலி இல்ல’ என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டாள். சித்தி கோபித்துக்கொள்ளவில்லை, ஊர் போய்ச் சேர்ந்து போன் செய்து அதைச் சொல்லிச் சிரித்தாள். மாடி வீட்டுக்காரர் சத்தம் சத்தம் என்று இரண்டு முறை வந்தார், மூன்றாம் முறை பேசினைப் பார்த்துவிட்டுத் தன் மாமியாருக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு போனார். நீ போனில் விசாரித்த என் கடைவாய்ப் பல் இப்போது வலிக்கவில்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

முதல் நாள் காலை சரியாகப் போகவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் என் பேசின் முன்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும், அவள் பக்கம் திரும்பக் கூடாது என்பது நிபந்தனை. அவள் நின்றாள், குழாயைத் தட்டினாள், தண்ணீர் வேகமாக வந்து ஜாக்கெட் நனைந்தது. பிடியைத் திருப்பித் தள்ளுவதற்குள் கால் கொஞ்சம் சறுக்கியது. நான் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கையை நீட்டிவிட்டேன். ‘புடிக்காதீங்க’ என்றாள். கோபமாக இல்லை, ரொம்பத் தாழ்ந்த குரலில். என் கை அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது. மகளே, நான் வாழ்க்கையில் கஷ்டமான காரியம் அதிகம் செய்ததில்லை. அந்தக் கையை அங்கேயே நிறுத்தி வைத்ததுதான் நான் செய்ததிலேயே கஷ்டமானது. அவள் இடது கையால் சுவர்க் கம்பியைப் பிடித்தாள், மூச்சு வாங்கினாள், ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே பாதி முகம் கழுவினாள். அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாம் நாள் தண்ணீரைத் திறக்கவே இல்லை, நின்றுவிட்டு மட்டும் வந்தாள். நான் மனதுக்குள் நீ பேசி வைத்த இல்லத்து அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவள் எனக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். பிரஷ்ஷைக் கல்மேல் வைத்து, அந்த வராத கையைத் தூக்கி அதன் பிடிமேல் பாரமாக வைத்து, இடது கையால் பசையைப் பிழிந்தாள். ‘பாத்தீங்களா, இதுக்கும் ஒரு உத்தியோகம் குடுத்தாச்சு, பேப்பர் வெயிட்’ என்றாள். பல் தேய்த்தாள். வாய் ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது, வழித்துக்கொண்டாள். பிறகு முகம். ஒரே கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? அள்ளி அள்ளி, நெற்றி, கண், அந்தத் தொங்கின கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னால் கூட விடவில்லை. நான் பார்க்கக் கூடாது என்பதால் என் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றேன், சத்தத்தை வைத்தே எந்த இடம் என்று தெரிந்தது. கல்லில் சிந்தினதைக் கையால் வழித்து உள்ளே தள்ளினாள். பதினோரு நிமிஷம். துண்டால் துடைத்துக்கொண்டு, ‘நீங்க இன்னும் முடிக்கலியா?’ என்று கேட்டாள். நான் வாயைக்கூடக் கொப்பளித்திருக்கவில்லை. அன்றிலிருந்து இன்றோடு பத்தொன்பது நாள், ஒரு நாளும் விடவில்லை. தலை பின்னிக்கொள்ள அவளால் முடியாது, குளிக்க ஓர் அம்மாள் வந்து உதவுகிறார், படி இறங்கும்போது நான் வேண்டும். அதெல்லாம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் அம்மா எவ்வளவு பெரிய ஆள் என்பது எனக்கு இந்த வயதில்தான் முழுசாகத் தெரிகிறது. பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

அறை விஷயத்தை அவளிடம் இதுவரை நான் சொல்லவில்லை, மனசு சங்கடப்படும் என்று உன்னையும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்றேன். நேற்று காலை முகம் துடைத்துக்கொண்டே, மாதக் கடைசி எந்தத் தேதி வருகிறது என்று கேட்டாள். எதற்கு என்றேன். ‘அவ ஒரு ரூம் பேசி வெச்சிருக்காளே, அதுக்குத்தான். நீங்க ஹால்ல குசுகுசுன்னு பேசினா எனக்குக் கேக்காதா’ என்றாள். முதல் நாளிலிருந்தே தெரியுமாம். அப்படியென்றால் அந்த ஈரத் துண்டு வாரங்களிலும், கடையிலும், கால் சறுக்கின காலையிலும் எது பணயம் என்று தெரிந்தேதான் நின்றிருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, நீயே மகளிடம் பேசிவிடு, நீ சொன்னால் அவள் கேட்பாள் என்றேன். ‘மாட்டேன். நான் சொன்னா நோயாளி அடம் புடிக்கறான்னு நெனப்பா. நீங்க சொல்லுங்க. நான் என் வேலையச் செஞ்சுட்டேன், நீங்க உங்க வேலையச் செய்யுங்க’ என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள்.

ஆகவே நான் சொல்கிறேன். நாங்கள் வரவில்லை. யோசிக்கிறோம் என்றோ, பார்க்கலாம் என்றோ எழுதவில்லை, வரவில்லை என்றுதான் எழுதுகிறேன். உன் அக்கறையில் குறை ஒன்றும் இல்லை, இத்தனை நாள் பதில் வராததற்குக் காரணம் அம்மாவின் கை இல்லை, அப்பாவின் தைரியம். அவளால் முடியுமா என்று நீ கேட்டாய், நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், என்னால் முடியுமா என்பதை நான் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். முடியும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் முடியாமல் போனால் அன்றைக்கே, ஒளிக்காமல், இதே மாதிரி எழுதுவேன். அதுவரை இந்த வீடுதான்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாக எடுத்துச் சொல், அவர் அலைந்து பேசி வைத்தது வீணாயிற்றே என்று வருத்தப்படுவார், நான் தனியாகவும் அவருக்கு எழுதுகிறேன். குளிர் நாளில் சின்னவளைக் காலுறை இல்லாமல் தரையில் விடாதே. நீ வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட நாள் இருக்க எங்கள் இருவருடைய ஆசிகள். அந்த அறையை வேண்டாம் என்று இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொல்லிவிடு, தேவைப்படுகிறவர்கள் யாராவது காத்திருப்பார்கள். இன்னொன்று, இனிமேல் இங்கே காலை ஏழு மணிக்குப் போன் செய்யாதே, அந்த நேரத்தில் இரண்டு பேர் கையும் ஈரமாக இருக்கும். ஏழரைக்குச் செய். அம்மா எடுப்பாள்.

அன்புடன்,
உன் அப்பா